ஆவுளியாவுக்குப் புல் கட்டிய கதை

புதன், கண்டனூர்

கடல் பாலூட்டிகளுக்காக ஒரு நாள் வேலை செய்யப் போகிறேன் என்றதும் ஆபீஸில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: டால்பினைத் தொடலாமா? வெளிநாட்டுப் பூங்காக்களில் காசு கட்டினால் ஒரு நாள் பயிற்சியாளர் ஆகலாம். வாளி வாளியாக மீன் எடுத்துக் கொடுக்கலாம், விசில் ஊதலாம், போட்டோ பிடித்துக்கொள்ளலாம். இங்கே அது கிடையாது. டால்பின் காட்சிக்கூடங்களுக்கு அனுமதி தரக் கூடாது என்று 2013-இல் மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. அதற்கு முன்பு, 1990களின் கடைசியில், சென்னைக்குப் பக்கத்தில் ஒரு முயற்சி நடந்தது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டால்பின்கள் சில மாதங்களிலேயே செத்துப்போயின. அந்தத் தடை சரி என்பதுதான் என் கட்சி.

அதனால் நான் வந்து இறங்கியிருப்பது கண்டனூரில். கடல் இல்லாத ஊர். கிழக்கே அறந்தாங்கி தாண்டிப் போனால்தான் உப்புக்காற்று. இங்கே வருவது பக்கத்துப் புதுவயலின் அரிசி ஆலைகளிலிருந்து தவிட்டு வாசனை.

என் தோழி ஒருத்தி ஆவுளியா ஆய்வுக் குழு ஒன்றில் இருக்கிறாள். ஆவுளியா என்பது கடற்பசு. பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் மேய்ந்து வாழும் பிராணி. மூன்று மீட்டர் நீளம், நானூறு கிலோ வரை எடை, எழுபது வருடம் வரை ஆயுசு. பார்த்தால் டால்பினுக்கு அண்ணன் போல இருந்தாலும் ரத்த சொந்தம் யானையோடுதான். தோழியின் ஐயா (தாத்தா) கட்டிய வீடு இங்கே இருக்கிறது. வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடு. அதன் இரண்டாம் கட்டில் (வீட்டின் பின்பகுதியில்) இந்த வாரம் குழு தங்கி, கடலில் இறக்க வேண்டிய மூங்கில் சட்டங்களைக் கட்டிக்கொண்டிருக்கிறது. நிழல் உண்டு, கிணற்றில் தண்ணீர் உண்டு, வாடகை இல்லை. வேறென்ன வேண்டும்?

சட்டம் என்றால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மூங்கில் சதுரம். குறுக்கும் நெடுக்குமாகத் தென்னங்கயிறு. கயிறுகள் சந்திக்கும் இடங்களில் கடற்புல் நாற்றை வேரோடு முடிந்து, ஆழம் குறைந்த கடலடியில் இறக்கிவிட வேண்டும். நாற்று வேர் பிடிக்கும்வரை நீரோட்டம் அதை இழுத்துப் போகாமல் சட்டம் காக்கும். அப்புறம் மூங்கிலும் கயிறும் தானாகவே மக்கிவிடும். ஆணி கிடையாது, பிளாஸ்டிக் கயிறு கிடையவே கிடையாது. மூலைகளையும் கயிற்றாலேயே பிணைக்கிறார்கள்.

மதியத்திலிருந்து வளவில் (தூண்கள் சூழ்ந்த முற்றத்தில்) உட்கார்ந்து இதைத்தான் செய்தேன். முடிச்சு இறுகவில்லை. தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி (தோழியின் அப்பத்தா; ஊருக்கே ஆச்சி) கடைசியில் பொறுக்க மாட்டாமல் கேட்டார்.

"மாட்டுக்குப் புல்லு கட்டவா ஆத்தா மதுரையிலேருந்து பஸ் ஏறி வந்தே?"

"கடல் மாட்டுக்கு, ஆச்சி."

"எந்த மாடா இருந்தா என்ன? முடிச்சு இப்படித் தொங்குனா அது வாயை வைக்கிறதுக்குள்ள அவுந்துல்ல போகும். இங்க கொண்டா."

ஆச்சி சின்ன வயதில் கொட்டான் பின்னியவர். பனை ஓலையில் பின்னும் செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதைப் பின்னத் தெரிந்த விரல்கள்தான் குறைந்துவிட்டன. கயிற்றை இரண்டு சுற்று சுற்றி, உள்ளே ஒரு வளையம் கொடுத்து இழுத்தார். ஈரம் பட்டால் இன்னும் இறுகும் முடிச்சாம். குழுவின் பையன்கள் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கட்டிய சட்டங்கள் எல்லாம் ஆச்சி முடிச்சுத்தான்.

கை வேலை பார்க்க, வாய் கதை சொன்னது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டபோது புறப்பட்டு, தண்ணீருக்கே பயந்து இந்த வறண்ட சீமையில் வந்து உட்கார்ந்தவர்கள் நகரத்தார். அந்தப் பயத்தில்தான் வீட்டுக்கு இவ்வளவு உயரத்தில் அடித்தளம் போட்டார்கள் என்பது ஆச்சி சொல்லும் வரலாறு. கதையோ நிஜமோ, தெருவிலிருந்து முகப்புக்கு ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது நிஜம். ஆனால் அதே ஆட்கள்தானே கப்பலேறி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் வட்டித்தொழிலுக்குப் போனார்கள், பர்மாத் தேக்கைக் கடல் வழியாகக் கொண்டுவந்து இந்தத் தூண்களை நிறுத்தினார்கள் என்று கேட்டேன். "போனது ஆம்பளைக. நான் கடலைப் பாத்ததே ராமேஸ்வரத்துலதான்" என்றார் ஆச்சி.

ராத்திரி கருப்பட்டிப் பணியாரம். சீக்கிரம் படுக்கச் சொல்லிவிட்டார்கள்.


வியாழன், மணமேல்குடிக்குப் பக்கத்தில்

ஏன் வியாழன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் திங்கள், புதன், சனி விசைப்படகுகளுக்கு. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகுகள் இழுவை மடியோடு (கடலடியை வாரி வரும் வலை) சுற்றும் நாளில் கடலடியில் தலையை விட்டு வேலை பார்க்க முடியாது.

இருட்டோடு கிளம்பினோம். சட்டங்கள் எல்லாம் ஒரு குட்டியானை வண்டியில். யானைச் சொந்தக்காரருக்குக் குட்டியானையில் சீர் போகிறது என்று டிரைவரிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. அறந்தாங்கி தாண்டியதும் காற்று மாறியது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கம் தென்னந்தோப்புகளைப் படுக்கப் போட்டது நினைவிருக்கும். அதன் பிறகு வைத்த கன்றுகள் நன்றாக வளர்ந்துவிட்டன, ஆனால் வயதான மரங்களுக்கு நடுவே இடைவெளிகள் இன்னும் தெரிகின்றன.

கரையில் படகுக்கார அண்ணன் காத்திருந்தார். அவரும் அவர் மச்சினனும்தான் இன்றைக்கு எங்களுக்கு எல்லாம். வனத்துறை அனுமதிக் கடிதத்தைத் தோழி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டாள். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரமாக 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் இடம். கடலில் வேலி கிடையாது, பலகை கிடையாது. அதற்குள் நுழைந்துவிட்டோம் என்று தோழி சொன்னபோது எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

புல் இருக்கும் இடத்தை அண்ணன் தண்ணீரின் நிறத்தை வைத்தே சொல்கிறார். வெளிர்பச்சை என்றால் மணல், கறுத்துக் கிடந்தால் புல். நங்கூரத்தைப் புல்லின் மேல் போடக் கூடாது. ஒரு முறை இழுத்தாலே கொத்தாகப் பெயர்த்துவிடும். மணல் திட்டாகப் பார்த்துப் போட்டார்.

முதல் வேலை நாற்றுப் பறிப்பது. வளமாக இருக்கும் புல்வெளியிலிருந்து, ஒரே இடத்தில் சொட்டை விழாதபடி, இங்கே ஒரு கை அங்கே ஒரு கை என்று எடுக்க வேண்டும். இலையைப் பிடித்து இழுத்தால் இலை மட்டும்தான் வரும். மண்ணுக்குள் விரலை விட்டு, பக்கவாட்டில் ஓடும் தண்டோடு சேர்த்து நெம்பி எடுக்க வேண்டும். நிலத்தில் இருந்து கடலுக்குப் போன செடி இது. வேர் உண்டு, தண்டு உண்டு, தண்ணீருக்கு அடியிலேயே பூக்கவும் செய்யும். நாடா போன்ற இலையோடு இருப்பது சைமோடோசியா, நூடுல்ஸ் போல உருண்டு நீண்டிருப்பது சிரிங்கோடியம். காசு அளவு வட்ட இலையோடு தரையை ஒட்டிப் படரும் ஹாலோபிலா ஆவுளியாவுக்கு மிகப் பிடித்தது என்கிறார்கள், மென்மையாக இருப்பதால்.

பறித்ததைக் கடல்நீர் நிரப்பிய தொட்டியில் போட்டு ஈரச் சாக்கால் மூடிவிட வேண்டும். வெயில் படக் கூடாது. அப்புறம் படகிலேயே உட்கார்ந்து கயிற்றில் முடிவது. இதுதான் என் வேலை, காலை முழுக்க. விரல் நுனி ஊறி வெளுத்து, தென்னங்கயிற்றின் பிசிறு குத்தி எரிந்தது. நாற்றை ரொம்ப இறுக்கினால் தண்டு நசுங்கும், தளர்த்தினால் போய்விடும். ஆச்சி முடிச்சை நாற்றுக்குக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது; குழுவில் ஒரு பெண் கற்றுக்கொடுத்தாள். கட்டி முடித்த சட்டத்தை இரண்டு பேர் தண்ணீருக்குள் வாங்கிக்கொண்டு போய், ஓராள் மட்டத்துக்குச் சற்று அதிகமான ஆழத்தில் தரையோடு படியவைத்து, நாலு மூலையிலும் மூங்கில் முளை அடித்தார்கள். நான் மேலே இருந்து எட்டிப் பார்த்தால் ஏதோ கயிற்றுக் கட்டிலை முக்கி வைத்தது போலத்தான் இருந்தது.

வயதுவந்த ஆவுளியா ஒரு நாளைக்கு முப்பது கிலோவுக்கு மேல் புல் தின்னும். நாங்கள் இன்றைக்கு நட்டது அத்தனையும் சேர்த்தாலும் அதற்குச் சாயங்காலப் பலகாரத்துக்கு ஆகாது. இதைத் தோழியிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. நடுவது சாப்பாடு போடுவதற்கு இல்லை என்றாள். மடி இழுத்துச் சொட்டை விழுந்த இடத்தில் மண் கலங்கிக்கொண்டே இருக்கும். கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்காது, பக்கத்துப் புல்லும் சேர்ந்து வாடும். நடுவில் நாலு இடத்தில் புல் பிடித்துவிட்டால் மண் அடங்கும். மிச்சத்தைப் புல்லே பார்த்துக்கொள்ளும். அந்த இடத்தில் மறுபடி மடி இழுத்தால் எல்லாம் போச்சு என்பதையும் அவளே சொன்னாள். நட்டு முடிப்பதைவிட அதைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை, அது படகுக்காரர்கள் கையில் இருக்கிறது என்பது அவள் கருத்து. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் பீடி பற்றவைத்தார்.

கட்டுச்சோறு முடிந்ததும்தான் அவர் வாய் திறந்தார்.

"எங்க தாத்தா காலத்துல இதைக் கறி திம்பாக, தங்கச்சி. இப்ப யாரும் தொடுறதில்ல. திருக்கை வலையில மாட்டுனா வலையை அறுத்து விட்டுர்றோம்."

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில், இருக்கும் பிராணி. அட்டவணையைவிட முக்கியம் வலையில் நடப்பது. ஆவுளியா சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். அகலக் கண்ணி உள்ள வலையில் துடுப்பு சிக்கினால் அது பட்டினியால் சாவதில்லை, மூச்சுமுட்டிச் சாகிறது. வலை போட்டவர் பார்த்து அறுக்க அவகாசம் ரொம்பக் குறைவு. விடுவிக்கும் மீனவர்களை வனத்துறை கூப்பிட்டுப் பாராட்டி ரொக்கமும் தருகிறது. அண்ணனுக்கு அதில் மகிழ்ச்சிதான், ஆனால் ஒரு கணக்கும் வைத்திருக்கிறார்.

"பரிசு பின்னாடி வரும். அறுத்த வலைக்கு அன்னைக்கே நூல் வாங்கணும்ல? அன்னைக்கு ராத்திரித் தொழில் போச்சுல்ல?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்பது நியாயம் என்று மட்டும் தெரிகிறது. ஒரு ஆவுளியா குட்டி போடும் வயதுக்கு வரவே பத்து வருடம், சமயத்தில் அதற்கு மேலும் ஆகும். பதின்மூன்று மாதத்துக்கு மேல் சுமந்து, ஒரே ஒரு குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்றிலிருந்து ஏழு வருடம். இந்தியக் கடல் முழுக்கச் சேர்த்தே சில நூறுதான் இருக்கும் என்பது மதிப்பீடு. அப்படி இருக்க, வலையை அறுத்து ஒரு பெண் ஆவுளியாவை விடுவிப்பவர் நாங்கள் எத்தனை சட்டம் கட்டினாலும் ஈடாகாத வேலையைச் செய்கிறார். அதற்கு ஒரு வலையின் விலையை உடனே கொடுக்க முடியாதா?

மதியத்துக்குப் பிறகு முகமூடியும் மூச்சுக்குழலும் மாட்டி என்னையும் இறக்கினார்கள். பார்க்க வந்தது இதற்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. புல்வெளிக்கு நடுவே வளைந்து வளைந்து ஒரு சாண் அகலத்துக்கு வெறும் மண் பாதை. கொஞ்ச தூரம் போய் நின்றுவிடுகிறது. பக்கத்தில் இன்னொன்று, அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மூன்றாவது. ஆவுளியா மேய்ந்த தடம். மாடு மாதிரி நுனியைக் கடித்துவிட்டுப் போவதில்லை இது. கீழ்நோக்கி மடங்கிய தடித்த மேலுதட்டால் மண்ணைக் கிளறி, வேரும் தண்டுமாகப் பிடுங்கித் தின்றுகொண்டே நகரும். மூச்சு தீரும்போது மேலே போய்விடும். பாதை அங்கே முடியும். அதாவது ஒவ்வொரு தடத்தின் நீளமும் அது ஒரு மூச்சில் மேய்ந்த தூரம். இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் அந்தப் பாதைகளின் மேலேயே மிதந்துகொண்டிருந்தேன். ஒன்று என் உயரத்தைவிட நீளம்.

தோழி அகலத்தை அளந்து, தண்ணீரில் அழியாத பலகையில் பென்சிலால் எழுதினாள். தடத்துக்குள் புதுத் தளிர் எட்டிப் பார்த்தால் பழைய தடம். இவற்றில் தளிர் இல்லை. சமீபத்தில் வந்து போயிருக்கிறது. எப்போது என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள்.

திரும்பும் வழியில் அண்ணனின் மச்சினன் "அந்தா ஓங்கில்!" என்று கத்தினான். இரண்டு முதுகுகள் எழுந்து, மூழ்கி, தூரத்தில் இன்னொரு முறை எழுந்து போயேவிட்டன. தோழி நேரம், இடம், எண்ணிக்கை, போன திசை என்று படிவத்தில் ஒரே ஒரு வரி எழுதினாள். ஆபீஸில் எல்லோரும் கேட்ட டால்பின் அவ்வளவுதான்.


வெள்ளி, மறுபடியும் கண்டனூர்

உடம்பு முழுக்க வலி. இன்றைக்கு வேலை பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்), லேப்டாப்பில். போன வாரம் ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆவுளியா இருக்கிறதா என்று குறிக்க வேண்டும். ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியே பார்ப்பார்கள், அப்புறம் ஒப்பிடுவார்கள். தண்ணீர், தண்ணீர், புல், படகின் நிழல், தண்ணீர். ஒரு சாம்பல் நிற முட்டை வடிவத்தைப் பார்த்து நான் துள்ளினேன். பெரிதாக்கினால் ஆமை. அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது, அதில் குறித்துக்கொண்டார்கள்.

தலைக்கு மேலே பர்மாத் தேக்கு உத்தரம், காலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல், நடுவில் பாக் விரிகுடா ஓடிக்கொண்டிருந்தது. மதியம்வரை நான் பார்த்த படங்களுக்கு எதிரே ஆவுளியா என்ற கட்டத்தில் சுழியம்தான். சுழியத்தையும் விடாமல் எழுத வேண்டும் என்பது குழுவில் கண்டிப்பு. எங்கே தேடியும் இல்லை என்று தெரிந்தால்தான் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியும்.

ஏமாற்றம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு முறை மூக்கு நுனியாவது காட்டியிருக்கலாம். 1960களில் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ஒரு ஜோடி ஆவுளியாவைத் தொட்டியில் வைத்து வளர்த்தது. அந்தக் காலத்தில் இருந்திருந்தால் எட்டிப் பார்த்திருக்கலாம் என்று நினைத்தேன். உடனே, முப்பது கிலோ புல்லை யார் தினமும் பறித்துப் போட்டிருப்பார்கள் என்ற நினைப்பும் வந்தது. வியாழக்கிழமை விரல் இன்னும் ஆறவில்லை, அதனால்தான்.

தஞ்சாவூர்க் கரையில் மனோராவில், சரபோஜி மன்னர் 1814-இல் நெப்போலியன் தோற்றதைக் கொண்டாடிக் கட்டிய கோபுரத்துக்குப் பக்கத்தில், அனைத்துலகக் கடற்பசுப் பாதுகாப்பு மையம் வரப் போகிறது என்று பேசிக்கொண்டார்கள். வரட்டும், பள்ளிப் பிள்ளைகள் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கட்டடத்தில் ஒரு அறையை வலை நூல் கிடங்காக வைத்து, அறுத்த வலையோடு வருகிறவருக்கு அன்றைக்கே நூல் கொடுக்கலாம். யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஆச்சி விசாரணையைத் தொடங்கினார்.

"மாட்டைப் பாத்தீகளா?"

"இல்லை ஆச்சி. மேய்ஞ்ச தடம்தான் பாத்தோம்."

"அப்ப புல்லு கட்டுனதை அது பாத்துச்சா?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. ஆச்சி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, அடுத்த தரம் இந்தக் கயிறு வேண்டாம், பிசிறு ஜாஸ்தி, பேராவூரணிப் பக்கம் நல்ல கயிறாகப் பார்த்து வாங்குங்கள் என்று உத்தரவு போட்டார். தோழி குறித்துக்கொண்டாள். இன்னும் ஒரு அடுக்கு மூங்கில் இரண்டாம் கட்டில் கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அவற்றையும் இறக்கிவிட வேண்டும். வாடைக்காற்று எழும்பிவிட்டால் நீர் கலங்கும், ஒன்றும் நட முடியாது. போன வருடம் இறக்கியவற்றில் எத்தனை வேர் பிடித்திருக்கின்றன என்று எண்ணும் வேலையும் பாக்கி.

நாமும் இப்படிப் போகலாமா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: நீச்சல் தெரிந்திருக்க வேண்டும், வெயில் தாங்க வேண்டும், வனத்துறை அனுமதி உள்ள குழுவோடுதான் போக முடியும். தனியாகப் படகு பேசி ஆவுளியாவைத் தேடிப் போகாதீர்கள். படகுச் சத்தத்தில் அது மேய்ச்சலை விட்டுவிட்டு ஓடும். காரைக்குடியிலிருந்து அறந்தாங்கிக்குப் பஸ் அடிக்கடி உண்டு, அங்கிருந்து மணமேல்குடிக்கு மாற வேண்டும். தென்னங்கயிற்று வேலைக்குக் கையுறை எடுத்துப் போகலாம் என்று நினைப்பீர்கள். போட்டால் முடிச்சு விழாது. தேங்காயெண்ணெய் எடுத்துப் போங்கள்.